பெரிய துருத்தியும் சிறிய உலையும்

ரொறன்ரோவில் வசிக்கும் என் மருமகன் சென்ற மாதம் நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தான். 1990களில் ஜப்பானிற் செய்யப்பட்ட டொயோட்டா சுப்ரா வண்டியொன்று அவனிடம் உண்டு. ஐந்து வருடச் சேமிப்பைக் கொட்டி வாங்கியது. தொழிற்சாலையார் பொருத்திய இரண்டு டேர்போக்களையும் கழற்றிவிட்டு, அவற்றினிடத்தில் ஒரேயொரு பெரிய டேர்போவைப் பூட்டி, 700 குதிரைச் சக்தி பெறவேண்டும் என்பது அவன் ஆசை. எந்த அளவில் டேர்போ வாங்குவது? எஞ்சினின் கொள்ளளவை மூன்று லீற்றரிலேயே விடுவதா, 3.4 லீற்றராகப் பெருப்பிப்பதா? இவைதாம் கேள்விகள். நேயர்களிற் பலருக்கும் வெளிநாட்டில் இப்படியொரு மகனோ மருமகனோ இருக்கக்கூடுமாதலால், அவனுக்கு எழுதிய பதிலின் சாரத்தை இவ்வாரம் இங்கே தருகிறேன்.

முதலில் நான் அவனைத் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அந்த வண்டியில் யார் யார் ஏறுவீர்கள்?"

"வார நாட்களில் நான் வேலைக்குப் போவேன், மாமா. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் கோயிலுக்கு ஏற்றிச் செல்வேன்" என்று பதில் வந்தது. அந்த அம்மா என் உடன்பிறந்த தங்கை. ஆகவே இந்தக் கணக்கைச் சற்றுக் கவனமாகவே போடவேண்டியதாயிற்று.

எஞ்சின் என்பது காற்றை இழுத்துத் தள்ளும் ஒரு பம்பு, அவ்வளவுதான். மூன்று லீற்றர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூன்று லீற்றர் காற்றை விழுங்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 9,000 லீற்றர். உள்ளிழுப்பில் நேரும் குறைவைக் கழித்துப் பார்த்தால் அதன் எடை ஏறக்குறைய 10 கிலோகிராம். நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று சுமார் 22 குதிரைச் சக்தி தரும் என்பது தொழிலறிந்தோரின் வாய்க்கணக்கு. ஆக, டேர்போ இல்லாத மூன்று லீற்றர் எஞ்சினிடம் நியாயமாக எதிர்பார்க்கத்தக்கது 220 குதிரைச் சக்தி. 500 வேண்டுமாயின் காற்றை 2.3 மடங்கு செறிவாக்கித் திணிக்கவேண்டும். 700 வேண்டுமாயின் 3.2 மடங்கு. அதையே 3.4 லீற்றர் எஞ்சினிற் செய்தால், 500க்கு இரு மடங்கைச் சற்றே தாண்டினாற் போதும். காற்றை அளவுக்கு மீறி அமுக்கினால் அது கொதிக்கும், பெற்றோல் நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சின் 'தட்டும்', பிஸ்டன் உடையும். 700 என்ற எண்ணைத் தொடுவதற்கு நிலையத்திற் கிடைக்கும் சாதாரணப் பெற்றோல் போதாமல், எதனோல் மிகுதியாகக் கலந்த எரிபொருளைத் தேடி அலையவும் நேரிடலாம்.

இனி, காற்றைத் திணிக்கும் டேர்போவைப் பார்ப்போம். எஞ்சின் கக்கும் புகை ஒரு விசிறியைச் சுழற்றுகிறது; அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905ஆம் ஆண்டிலேயே இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கொல்லன் பட்டறைத் துருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விந்தை: இந்தத் துருத்தியை ஊதுபவன் கொல்லனல்லன், உலையின் புகையே ஊதவேண்டும். உலை சிறிதாகவும் துருத்தி பெரிதாகவும் இருந்தால் என்னவாகும்? புகை போதாமல் துருத்தி அசையாது; துருத்தி அசையாததால் உலை மூளாது. எஞ்சின் வெகு வேகமாகச் சுழன்று புகை மிகுந்த பின்னரே, திடீரென்று எல்லாம் ஒருங்கே பற்றிக்கொள்ளும். துருத்தி மிகச் சிறிதாயின் விரைவில் மூளும். ஆனால் உயர்ந்த சுற்றுகளில் மூச்சு முட்டும்.

இந்தத் திடீர்ப் பற்றுதலில்தான் உயிராபத்து இருக்கிறது. ஜேர்மனியில் 1973இல் வெளிவந்த பீ.எம்.டபிள்யூ 2002 டேர்போவும், 1975ஆம் வருட மாதிரியாக வந்த போர்ஷே 911 டேர்போவும் இதற்குப் பேர்போனவை. போர்ஷேயின் எஞ்சின் மூன்று லீற்றர், 260 குதிரைச் சக்தி. தட்டுதலுக்கு அஞ்சி, உருளைக்குள் காற்றை நெரிக்கும் விகிதத்தை 6.5க்கு ஒன்றாகத் தாழ்த்தியிருந்தார்கள். அதனால் டேர்போ விழிக்கும் வரை எஞ்சின் சோம்பியே கிடந்தது. வளைவொன்றில் ஓட்டுபவன் அக்சிலேற்றரை மிதிப்பான், ஒன்றும் நிகழாது. இன்னும் மிதிப்பான். அப்போது, வளைவின் நட்டநடுவில், சக்தி முழுவதும் பின்சில்லுகளில் வந்து விழும். திடுக்கிட்டுக் காலை எடுத்தானோ, பின்புறத்திலிருக்கும் எஞ்சினின் பாரம் வண்டியைச் சுழற்றிவிடும். 'விதவைகளை உண்டாக்கும் வண்டி' என்று அதற்கு ஒரு பட்டப்பெயர் வழங்கியது வெறும் வேடிக்கைக்கன்று. 1978ஆம் வருட மாதிரியில் போர்ஷே நிறுவனத்தார் கொள்ளளவை 3.3 லீற்றராகக் கூட்டினார்கள். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவியையும் சேர்த்து 300 குதிரைச் சக்தி பெற்றார்கள்.

அதே காலத்தில் சுவீடனின் சாப் நிறுவனம் வேறொரு வழியிற் சென்றது. அவர்களின் 99 டேர்போ இரண்டு லீற்றர். 145 குதிரைச் சக்திதான். எண்ணைப் பார்த்து மூக்கைச் சுளிப்பவர் சுளிக்கட்டும். சிறிய டேர்போ ஒன்றைப் பொருத்தி, அது அளவு கடந்து ஊதாதபடி மிகுதிப் புகையைக் கழிக்கும் வாயிலொன்றையும் வைத்தார்கள். இழுவிசையின் உச்சம் 3,000 சுற்றிலேயே கைக்கு வந்தது. குடும்பத்தோடு பயணம் செய்யும் வண்டிக்கு டேர்போ பொருந்தும் என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் அவர்களே என்பது என் எண்ணம்.

மருமகனின் சுப்ராவும் இந்தச் சிக்கலை எண்ணிச் செய்யப்பட்டதுதான். அதன் இரண்டு டேர்போக்களில் ஒன்று முதலில் வேலை தொடங்கும். 4,000 சுற்றை அண்டும்போது மற்றது கைகொடுக்கும். ஆறாவது கியரில் 100 கிலோமீற்றர் வேகத்தில் அந்த வண்டியின் எஞ்சின் சுழல்வது 2,200 அளவில். அவன் விரும்பும் பெரிய டேர்போவோ 4,500க்கு அப்பால்தான் விழிக்கும். அப்படியாயின் வேலைக்குப் போகும் வழி நெடுகிலும் தன் 700 குதிரைகளில் எத்தனையை அவன் காணப்போகிறான்?

ஆகவே நான் எழுதியது இது. உச்ச எண்ணை ஓரமாக வை. எந்தச் சுற்றில் உனக்குச் சக்தி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய். 500 குதிரைச் சக்திக்கு நிமிடத்துக்கு 23 கிலோ காற்றுத் தள்ளும் டேர்போ போதும். அதற்குமேற் சிறிது மிச்சம் இருக்கலாம், இரட்டிப்பு வேண்டாம். 3.4 லீற்றராகப் பெருப்பித்தால் அதே டேர்போ சில நூறு சுற்றுகள் முந்தி விழிக்கும். விழிக்குமுன்பும் எஞ்சின் உயிரோடிருக்கும். ஆனால் புதிய வளைதண்டுக்கும் பிஸ்டன்களுக்கும் காசு பிடிக்கும். காசு தட்டுப்பாடெனில் மூன்று லீற்றரை அப்படியே விட்டு, டேர்போவை ஒருபடி சிறிதாக்கு. உன் எஞ்சினின் 8.5க்கு ஒன்று என்ற நெரிப்பு விகிதத்தை ஒருபோதும் குறைக்காதே.

இன்னொன்றையும் அழுத்தமாகவே சொன்னேன். ஆறு உருளைகளும் ஒரே வரிசையில் அமைந்த எஞ்சின் அவனுடையது. முன் மூன்றின் புகையை ஒரு குழாயாலும், பின் மூன்றின் புகையை மற்றொரு குழாயாலும் கொண்டுசென்று, உள்ளே இரண்டாகப் பிரித்த கூட்டினுள் விட்டால், ஓர் உருளையின் புகை மற்றதன் புகையோடு மோதாது. ஒவ்வொரு வீச்சும் விசிறியை நன்றாக அடிக்கும். ஒரே அளவு டேர்போ இதனாலேயே முந்தி விழித்துக்கொள்ளும். விளம்பரங்களில் விசிறியின் விட்டத்தைத்தான் கொட்டை எழுத்திற் போடுவார்கள். வாங்குபவன் கேட்கவேண்டியது கூட்டின் தொண்டை எவ்வளவு அகலம், அது பிரிக்கப்பட்டதா என்பதையே.

பதில் எழுதி நான்கு நாட்களில் தொலைபேசியில் அழைத்தான். "650க்காவது சம்மதியுங்கள், மாமா" என்று சந்தையில் மீன் விலை பேசுவதுபோலத் தொடங்கினான். அரை மணி நேரம் பேசி, மூன்று லீற்றரோடும் பிரித்த கூட்டோடும் 550இல் நிற்கிறோம். அந்தச் சக்தியைத் தாங்கும் கிளச்சையும் அதை நிறுத்தும் பிறேக்கையும் பற்றி இன்னும் பேசவில்லை. அவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறாய் என்று கேட்டபோது, தொலைபேசியின் மறுமுனை சற்று நேரம் மௌனமாக இருந்தது.