நம் வீட்டுக் கணக்கு யார் கையில்?

கம்பம், உத்தமபாளையம் கடைவீதிச் சகோதரர்களே!

தேர்தல் வந்தால் செல்போனோடு வாலிபர்கள் சிலர் கடைக்கு வருகிறார்கள். 'சர்வே' என்கிறார்கள். பெயர், நம்பர், ஜமாஅத், போன முறை யாருக்கு ஓட்டு? டீயும் வாங்கிக் கொடுத்து அத்தனையும் சொல்லி அனுப்புகிறோம். அனுப்பியவன் யார் என்று கேட்டோமா?

2018ல் கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா அம்பலமானது. 8.7 கோடிப் பேர் விவரம் போயிருக்கலாம் என்று பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. இந்தியர் மட்டும் 5.62 லட்சம்! தாய்க் கம்பெனி எஸ்.சி.எல்.; இந்தியாவில் அதன் கூட்டாளி ஒவ்லெனோ. அதை நடத்தியவர் ஐக்கிய ஜனதா தளத் தலைவர் கே.சி. தியாகியின் மகன். பா.ஜ.க.வும் காங்கிரஸும் "நீதான் வாடிக்கையாளர்" என்று மாறி மாறிச் சாடின. ஒவ்லெனோவின் பட்டியலிலோ இரண்டு பெயருமே இருந்தன!

அங்கே வேலை பார்த்த கிறிஸ்டோபர் வைலி வெளியிட்ட தாளைப் பாருங்கள். 2007ல் கேரளா உட்பட ஆறு மாநிலங்களில் 'ஜிஹாத் ஆள்சேர்ப்பைத் தடுக்க' எஸ்.சி.எல். ஆய்வு செய்ததாம். குமுளிக்கு அந்தப் பக்கம்தான் கேரளா! ஓட்டுக் கணக்கு எடுப்பவனும் நம்மைச் சந்தேகப்பட்டியலில் எழுதுபவனும் ஒரே கம்பெனி. 2018 மே மாதம் கடையைச் சாத்தினார்கள். அதற்கு முன்பே, 2017லேயே, எமர்டேட்டா என்ற புதுப் பலகை தயார்.

தமிழ்நாட்டில்? 2014ல் மோடிக்கு வேலை செய்த பிரசாந்த் கிஷோரின் ஐ-பேக், 2021ல் தி.மு.க.வுக்கு. அவரது பழைய சகா சுனில் கனுகோலு அ.தி.மு.க.வுக்கு. இது சட்டவிரோதம் அல்ல. ஆனால் ஒரு கட்சிக்கென்று நாம் சொன்னது அடுத்த கட்சிக்குப் போகாது என்பதற்கு யார் ஜாமீன்?

போடி ஏலத்தில் சாம்பிள் பார்க்காமல் விலை கேட்போமா? அடுத்த முறை வருபவனிடம் கேளுங்கள்: எந்தக் கம்பெனி? சம்பளம் யார் தருகிறார்?