அன்னா: அருளின் பெயர்



தீவகப் பங்குகளில் திருமுழுக்குக் கேட்டுவரும் இளம் பெற்றோரிடம், "அம்மம்மாவின் பெயரையும் சேர்த்து அன்னம்மா என வைக்கலாமே" என்றால், "அது பழைய காலத்துப் பெயர், பாதர்" எனப் புன்னகைப்பார்கள். பழைய பெயர்தான். அதன் பொருளை அறிந்தவர் அதை எளிதில் கைவிடார்.

எபிரேய மொழியில் அப்பெயர் 'ஹன்னா'. அருள், தயவு என்பது பொருள். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் முதலெழுத்தின் மூச்சொலி மறைந்து 'அன்னா' ஆயிற்று. போர்த்துக்கேயர் காலத்தில் திருமறையோடு நம் கரைக்கு வந்தபோது, தமிழ் நாவு அதனுடன் அம்மாவைச் சேர்த்து 'அன்னம்மா' ஆக்கிக்கொண்டது. 'அன்னை', 'அன்னம்' என்னும் தமிழ்ச் சொற்களோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே. யோவான் என்னும் பெயரும் இதே எபிரேய வேரில் முளைத்ததே; 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பது அதன் பொருள். நம் முன்னோர் யோவானை 'அருளப்பர்' என்றழைத்தனர். அவ்வாறாயின் அன்னம்மா நம் அருளம்மா அன்றோ!

ஆயினும் இப்பெயரை முதலில் தாங்கிய பெண்ணின் வாழ்வில் அருள் எளிதில் புலப்படவில்லை. சாமுவேல் முதல் நூல் அவளை மகப்பேறற்றவளாக, பெனின்னாவின் ஏளனத்தால் உண்ணாது அழுதவளாகக் காட்டுகிறது. சீலோவின் ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய அவள் மன்றாடினாள். குரு ஏலியோ அவள் குடித்திருக்கிறாள் என எண்ணிக் கடிந்துகொண்டார். அவள் ஒளித்தோடவில்லை, தன் மனத்துயரை ஆண்டவர்முன் கொட்டியதாகப் பணிவுடன் விளக்கினாள். ஏலி தம் தவற்றை உணர்ந்து அவளுக்கு ஆசி கூறினார். சாமுவேல் பிறந்தது பின்னரே. (1 சாமு 1:6-20)

நம் தீவுகளிலும் விடை கிடையாது அழும் அன்னாக்கள் உண்டு. அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை அருட்தந்தை ஜிம் பிறவுன் 2006 ஓகஸ்ட் 20 அன்று காணாமற்போனார். அவ்வாறே காணாமற்போன பலரின் தாய்மார், நிழற்படத்தை நெஞ்சோடு அணைத்தபடி முதுமை எய்திவிட்டனர். "இன்னும் ஏன் அழுகிறாய்?" எனக் கேட்பவர் பலர், இருந்து கேட்பவர் சிலரே. குருவாகிய நானும் அவசரத்தில் ஏலியைப்போல் தீர்ப்பிட்டிருக்கிறேன். தவற்றை உணர்ந்த ஏலியாகவும் இருக்கவே இப்போது வேண்டுகிறேன்.

அன்பார்ந்தவர்களே, அருள் என்பது துயரற்ற வாழ்வன்று. துயரத்தோடு இறைவன்முன் நிற்கும் துணிவு அது. பிள்ளைக்குப் பெயர் தேடும்போது அதன் பொருளையும் தேடுங்கள். கோவிலின் கடைசி வாங்கில் ஒருத்தி மௌனமாய் அழுதால், தீர்ப்பிடாமல் அவளருகே சற்று அமருங்கள். அன்று அவள் அன்னா. அவள் பெயரின் பொருள் நீங்கள்.