காலுக்குக் காப்பு கேட்போம்!

விவசாயத் தோழர்களே! 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்தபோது தோப்புக்குத் தோப்பு செயின் ரம்பம்தான் ஓடியது. இன்றைக்குச் சவுக்கு வெட்டிலும் அதுதான். ஓட்டுகிற நம்ம ஆளுங்க காலில் என்ன இருக்கு? கைலியும் ரப்பர் செருப்பும்!

ஜீன்ஸ் போதும் என்பது தப்பு. ஓடும் செயின் அதை நொடியில் கிழித்துவிடும். இதற்கென்றே உள்ள பேன்ட்டுக்குள் நீளமான நார் அடுக்குகள் இருக்கும். செயின் பட்டதும் நார் உருவிப் போய்ச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு பெட்ரோல் மிஷினை முடக்கும். ஐ.எஸ்.ஓ. 11393 முத்திரை பார்த்து வாங்கணும். வகுப்பு 1 நொடிக்கு 20 மீட்டர், வகுப்பு 2 நொடிக்கு 24 மீட்டர் செயின் வேகத்தில் சோதித்தது. நம்ம மிஷின் வேகத்துக்குக் குறையாததை எடுக்கணும். பூட்ஸுக்கும் இரும்பு முனை மட்டும் போதாது. மேல்பாதத்துக்கும் வெட்டுத் தடுப்பு வேணும். வெட்டுப்பட்ட பேன்ட்டைத் தைத்துப் போடாதீங்க.

அன்றாடக் கூலிக்குப் போகிறவர் இதற்குப் பணத்துக்கு எங்கே போவார்? மரம் எடுக்கும் வியாபாரியும் கான்ட்ராக்டரும் வாங்கித் தரணும். சொந்த ரம்பம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அரசு மானியம் தரணும். காப்பில்லாமல் ரம்பத்தைத் தொடமாட்டோம் என்று ஊருக்கு ஊர் சொல்வோம்!