முதல் வரியில் வர வேண்டிய சந்தேகம்

ஒரு ஸ்தாபனத்துக்கு இந்தக் காலாண்டில் லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று அறிவதற்கு முன்பாக, அது அடுத்த ஆண்டும் நடக்குமா என்பதையே அதில் பணம் போட்டவர்கள் அறிந்தாக வேண்டும். ஏனெனில் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் வர வேண்டிய பாக்கிக்கும் கணக்கில் எழுதப்படுகிற மதிப்பெல்லாம், அந்த ஸ்தாபனம் தொடர்ந்து நடைபெறும் என்ற ஒரே அநுமானத்தின் மேல் நிற்பவை. ஓடுகிற ஆலையில் பெருவிலை பெறும் நூற்பு இயந்திரம், மூடிய ஆலையின் ஏலத்தில் பழைய இரும்பின் விலைக்கே போகிறது.

இதற்கு ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. மழை குறைந்த நம் குஜிலியம்பாறைப் பிரதேசத்தில் முருங்கையும் நிலக்கடலையும் பயிரிடும் குடியானவர், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அறுவடை முடிந்த பிறகா எட்டிப் பார்க்கிறார்? பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகள், ஆண்டிறுதி நீங்கலாக, காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் கணக்கை வெளியிட வேண்டும் என்று, சந்தையைக் கண்காணிக்கும் செபி விதித்திருப்பதன் தாத்பரியமும் இதுவே. அக்கணக்கின் மீது நடப்பது முழுத் தணிக்கையன்று, நிர்வாகிகளைக் கேட்டும் எண்களை ஒப்பிட்டும் செய்கிற மட்டான பரிசீலனையே. அத்தகைய பரிசீலனையிலேயே தணிக்கையாளர் ஒரு சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், அதன் கனம் சாதாரணமானதன்று.

நமக்கு வடக்கே, நம் வியாபாரிகள் போய்வருகிற கரூரில், 1926-ஆம் ஆண்டு உள்ளூர் வணிகர்கள் எழுவர் கூடித் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் இறுதிக் காலம் இதற்குச் சாட்சி. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் தன் சீர்திருத்தக் கட்டுப்பாடுகளின் கீழ்க் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் முடிந்த ஆண்டின் நஷ்டம் 836 கோடி ரூபாயாயிற்று; வங்கி தொடர்ந்து நடைபெறுமா என்பதில் கணிசமான சந்தேகத்துக்கு இடமிருப்பதாகத் தணிக்கையாளர்கள் எழுதினார்கள். ஜூன் காலாண்டில் 112 கோடி, செப்டம்பர் காலாண்டில் 397 கோடி என்று நஷ்டம் பெருகிற்று; இடையே செப்டம்பர் 25 அன்று பங்குதாரர்கள், தலைமை நிர்வாகி உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தை நிராகரித்தனர். நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்ற தடை வந்தது. 27 அன்று வங்கி டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட்டுகள் பிழைத்தன, பங்கு மூலதனமோ முழுவதும் அழிக்கப்பட்டது. சந்தேகம் எழுத்தில் பதிவாகி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன.

அந்த எழுத்து சாமானிய ஜனங்களை எட்டுவதற்கு வழி இருக்கிறதா என்பதே என் கேள்வி. கம்பெனியின் பதிவு அலுவலகம் எங்கே இருக்கிறதோ அந்தப் பிராந்தியத்தின் மொழிப் பத்திரிகையில் முடிவுகள் பிரசுரமாக வேண்டும் என்றும், தணிக்கையாளர் தம் அபிப்பிராயத்தில் ஆட்சேபம் எதையும் தெரிவித்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும் என்றும் விதி எழுதப்பட்டது. ஆனால் ஸ்தாபனம் நீடிக்குமா என்ற சந்தேகத்தை நிர்வாகமே குறிப்பில் ஒப்புக்கொண்டு எழுதிவிட்டால், தணிக்கைத் தர்மத்தின்படி அது ஆட்சேபமாகாது. தனிப் பத்தியாக நிற்கும், அபிப்பிராயம் மாசற்றதாகவே கருதப்படும். ஆக, சிறு குறையொன்று பத்திரிகைக்கு வந்தாக வேண்டிய நிர்ப்பந்தம் இருந்தபோதும், ஸ்தாபனத்தின் ஜீவனையே பற்றிய சந்தேகத்துக்கு அந்த நிர்ப்பந்தம் இருக்கவில்லை. 2024 டிசம்பரில் விதி மேலும் தளர்ந்து, முழு விவரத்துக்குப் பதிலாக கியூஆர் கோடும் இணையப் பக்க விலாசமும் அச்சிட்டாலே போதும் என்றாகிவிட்டது.

சந்தேகத்தை உரக்கச் சொன்னால் ஜனங்கள் பதறிப் பணத்தை எடுப்பார்கள், பிழைக்கக்கூடிய ஸ்தாபனமும் வீழ்ந்துபோகும் என்ற வாதம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆயினும், பங்குச் சந்தையில் தாக்கலாகும் ஆங்கில அறிக்கையைப் பெரிய முதலீட்டாளர்கள் அன்றே படித்து முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஓய்வூதியச் சேமிப்பைப் பங்காக மாற்றிய ஆசிரியரும், பஞ்சைக் கடனுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் கமிஷன் வியாபாரியுமே கடைசியில் அறிகிறார்கள். சிலருக்கு மட்டும் மறைக்கப்படுகிற உண்மையால் பதற்றம் நீங்குவதில்லை. அதன் நஷ்டம் எளியவர் தலையில் இறங்குகிறது, அவ்வளவே.

ஆகையால் செபி மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். தணிக்கையாளரின் அச்சந்தேகப் பத்தியை, ஆட்சேபம் ஆயினும் ஆகாவிட்டாலும், காலாண்டு விளம்பரத்தின் முதல் வரியில், அந்தப் பத்திரிகையின் மொழியிலேயே, முழுமையாக அச்சிடச் செய்ய வேண்டும். கையிலுள்ள ரொக்கமும், பன்னிரண்டு மாதங்களில் செலுத்த வேண்டிய கடனும், புது மூலதனம் கொண்டுவர நிர்வாகம் வகுத்திருக்கும் திட்டமும் அதனடியில் வர வேண்டும். முந்தைய காலாண்டில் அளித்த வாக்குறுதி நிறைவேறிற்றா என்பதை அடுத்த காலாண்டில் சொல்லக் கட்டாயப்படுத்த வேண்டும். அப்போது, இருப்பதா விலகுவதா என்று தீர்மானிக்கும் உரிமை பெரிய முதலீட்டாளருக்கும் குஜிலியம்பாறைக் கடைக்காரருக்கும் ஒரே நாளில் கிடைக்கும்.