தேவாலயக் கதவு யாருக்காகத் திறந்திருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் கிழக்கு ஹாம், லூயிஷம், ரூற்றிங், ஹறோ ஆகிய இலண்டன் பகுதிகளில் தமிழர் பலர் குடும்பமாகத் தேவாலயங்களை நோக்கிச் செல்வதைக் காணலாம். காலையில் ஆங்கிலேயச் சபையார் வழிபட்டுச் சென்ற அதே தேவாலயத்தில், வாடகைக்கோ நல்லெண்ணத்தின் பேரிலோ இடம் பெற்று, எமது மக்கள் தமிழில் பாடிச் செபிக்கின்றனர். வழிபாடு முடிந்ததும் தேநீரும் ஊர்க்கதைகளும் பரிமாறப்படுகின்றன. இரண்டு மூன்று மணி நேரத்தின் பின்னர் கதவு பூட்டப்படுகிறது. அடுத்த ஞாயிறு வரை அது பூட்டியே இருக்கிறது. ஊரையும் உறவையும் இழந்து வந்த மக்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் அளித்துவரும் ஆறுதலை நாம் ஒருபோதும் குறைத்து மதிப்பிடமாட்டோம். ஆனால், வந்து சேர்ந்து நாற்பது ஆண்டுகளை அண்மித்துவிட்ட ஒரு சமூகத்தின் திருச்சபைகளிடம் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டிய வேளை வந்துவிட்டதெனக் கருதுகின்றோம். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவர் யார்? அவருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?

இக்கேள்விக்கு ஆங்கிலேயத் திருச்சபையொன்று எவ்வாறு விடை தேடியது என்பதை அறிந்துகொள்வது பயனுடையது. இலண்டனின் நடுவே, பிக்கடில்லி வீதியில், சென் ஜேம்ஸ் தேவாலயம் உள்ளது. சேர். கிறிஸ்தோபர் றென் வடிவமைத்த இவ்வாலயம் 1684இல் அர்ப்பணிக்கப்பட்டது. செல்வந்தரும் பிரபுக்களும் வழிபட்ட இடம் இது. ஆயினும் 1773 ஓகஸ்ற் 20ஆம் நாள் அங்கே திருமுழுக்குப் பெற்றவர் ஒரு பிரபு அல்லர். இன்றைய கானா நாட்டிலிருந்து சிறுவனாகக் கடத்தப்பட்டு, கிரனடாத் தீவில் அடிமையாக வேலை வாங்கப்பட்டு, பின்னர் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒட்டோபா குகோவானோ என்ற இளைஞர். பதினான்கு ஆண்டுகளின் பின்னர், 1787இல், அடிமை வாணிபத்தை மட்டுமன்றி அடிமை முறையையே முற்றாக ஒழிக்கவேண்டும் என்று இந்நாட்டு மக்களை நோக்கி அவர் நூலெழுதினார். அடிமை வாணிபத்தைப் பிரித்தானியா சட்டத்தால் தடைசெய்ய 1807 வரை இருபது ஆண்டுகள் சென்றன.

அவரது திருமுழுக்கின் 250ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2023இல் அத்தேவாலயம் குகோவானோவின் நினைவாக ஓவியங்களைத் தன் சுவரில் நிறுவியது. அதே ஆண்டு தொடக்கத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் நிதி ஆணையாளர்கள், தமது பழைய நிதியின் ஒரு பகுதி அடிமை வாணிபத்துடன் தொடர்புபட்டிருந்ததை ஒப்புக்கொண்டு, 10 கோடி பவுண்களை ஒதுக்குவதாக அறிவித்தனர். தன் முன்னோர் செய்த பிழையைத் தானே வாய்திறந்து சொல்லும் சபைதான் பிறருடைய பிழையைச் சுட்டிக்காட்டும் தகுதியைப் பெறுகிறது.

சென் ஜேம்ஸ் தேவாலயம் பழைய நீதியைப் பற்றி மட்டும் பேசவில்லை. 2015 நத்தார் காலத்தில், கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவுக் கரையில் அகதிகள் விட்டுச்சென்ற இரப்பர் படகொன்றை அதன் நடுமண்டபத்திலே தொங்கவிட்டனர். 2017இல் அதே கரையில் பொறுக்கியெடுக்கப்பட்ட அகதிகளின் உடுப்புகள் அங்கே தொங்கின. பிள்ளைகளின் சட்டைகளும் அவற்றுள் இருந்தன. கடல் கடந்து வந்த எம்மவருக்கு அந்தப் படகு எதைச் சொல்லியிருக்கும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

1940 ஒக்ரோபரில் ஜேர்மன் குண்டுவீச்சில் இந்த ஆலயமும் பெரும் சேதமுற்றது. போர் முடிந்ததும் அதன் வளவில், குண்டுகளுக்கு அஞ்சாது நின்ற இலண்டன் மக்களின் நினைவாக ஒரு தோட்டம் அமைக்கப்பட்டு 1946இல் திறந்துவைக்கப்பட்டது. இடிபாட்டின் மத்தியில் முதலில் மரம் நட நினைத்த அம்மனம் எமது கவனத்துக்குரியது. மனிதரின் காயத்தை ஆற்றுவதும் மண்ணின் காயத்தை ஆற்றுவதும் வெவ்வேறு பணிகளல்ல என்பதை அத்தோட்டம் இன்றும் கூறி நிற்கிறது.

அயலவருக்குத் தொண்டு, சமூக நீதி, சுற்றாடற் பாதுகாப்பு என்று இவற்றை மூன்றாகப் பிரித்து, முதலாவது போதும், இரண்டாவது அரசியல், மூன்றாவது வசதியுள்ள வெள்ளையரின் பொழுதுபோக்கு என எம்மிற் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. லூயிஷம் பகுதியில் தென் சுற்றுவட்ட வீதியின் அருகே வாழ்ந்த எல்லா கிஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பெப்ரவரியில் ஆஸ்த்துமாவினால் உயிரிழந்தாள். தாயார் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 2020 டிசெம்பரில் மரண விசாரணை அதிகாரி, வாகனப் புகையினால் மாசுற்ற காற்றும் அம்மரணத்துக்குக் காரணமென முடிவு செய்தார். பிரித்தானியாவில் ஒருவரது மரணத்துக்கான காரணமாகக் காற்று மாசு பதிவு செய்யப்பட்டது அதுவே முதற்றடவை. பெருவீதியோரத்து மலிவான வீடுகளில் குடியிருப்பவர் யார்? கடைகளுக்கு மேலுள்ள அறைகளில் பிள்ளைகளை வளர்ப்பவர் யார்? பெரும்பாலும் குடிவந்தோரும் அகதிகளுமே. காற்றைப் பற்றிப் பேசுவது எமது பிள்ளைகளின் நுரையீரலைப் பற்றிப் பேசுவதாகும்.

தாயகத்திலும் இதே நிலைதான். வற்றாத ஆறொன்றில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு, சுண்ணாம்புக் கற்பாறையினுள் தேங்கும் நிலத்தடி நீரை நம்பியே வாழ்கிறது. சுன்னாகத்து மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு அயலிலுள்ள கிணறுகளிற் கலந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்களைப் பெரும் அச்சத்துக்குள்ளாக்கியது. தென்னிலங்கைச் சூழலியலாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் இலங்கை உயர்நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. குண்டு விழாத காலத்திலும் ஒரு மக்களின் வாழ்நிலம் பறிபோகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச்சங்கம் 2020 பெப்ரவரியில் கூடி, 2030ஆம் ஆண்டளவில் தனது கரிய வெளியேற்றத்தை நிகரப் பூச்சியமாக்குவதென இலக்கு நிர்ணயித்தது. 2016இல் சென் போல்ஸ் பேராலயத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'சுற்றாடல் திருச்சபை' என்ற திட்டம், சபைகளின் வழிபாடு, கட்டடம், நிலம், சமூக உறவு, வாழ்க்கை முறை ஆகிய ஐந்தையும் சீர்தூக்கி வெண்கலம், வெள்ளி, தங்கம் என விருதளிக்கிறது. எமது சபைகள் இத்தகைய முயற்சிகளில் எவ்வளவு பங்குகொள்கின்றன என்பதை அவையே எண்ணிப் பார்க்கட்டும்.

நாமே கதவுக்கு வெளியே நின்ற காலத்தை மறந்துவிடலாகாது. 1987 பெப்ரவரியில் ஹீத்றூ விமான நிலையத்திலிருந்து திருப்பியனுப்பப்பட இருந்த தமிழர்கள், தம் உடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே ஆண்டு ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ள் வில்லியம்' என்ற கப்பலில் எம்மவர் தடுத்துவைக்கப்பட்டனர். ஒக்ரோபர் 16ஆம் நாள் வீசிய பெரும் புயலில் அக்கப்பல் கட்டறுந்து கரைதட்டியது. அந்நாட்களில் மான்செஸ்ரர் நகரின் ஹியூம் பகுதியிலுள்ள தேவாலயமொன்று, சிங்களவராய்ப் பிறந்து தமிழ் மக்களின் உரிமைக்குக் குரல்கொடுத்த விராஜ் மென்டிசுக்கு இரண்டாண்டுகளுக்கு மேலாக அடைக்கலம் அளித்தது. 1989 ஜனவரியில் பொலிசார் கதவை உடைத்து அவரைக் கைதுசெய்து நாடுகடத்தினர். தேவாலய அடைக்கலத்துக்கு இந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்பதை அச்சபையார் அறியாதவரல்லர். அறிந்தே கதவைத் திறந்தனர்.

இன்று அக்கதவின் முன் மீண்டும் தமிழர் நிற்கின்றனர். 2021 ஒக்ரோபரில் கனடா நோக்கிப் படகேறி, இந்து சமுத்திரத்தில் தத்தளித்த எம்மவர்கள் பிரித்தானியாவின் ஆளுகைக்குட்பட்ட டியேகோ கார்சியாத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பிள்ளைகளும் உட்பட அவர்களுட் பலர் மூன்றாண்டுகளுக்கு மேலாக எலிகள் உலாவும் கூடாரங்களில் அடைபட்டிருந்தனர். 2024 டிசெம்பரில் அவர்களிற் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்கு அழைத்துவரப்பட்டனர். அம்மாதமே அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்துவைக்கப்பட்டிருந்தனர் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவர்களைப் போன்றோர், தொழில் செய்யும் அனுமதியின்றி, மொழி தெரியாது, விண்ணப்பத்தின் முடிவுக்காக மாதக் கணக்கிற் காத்திருக்கின்றனர். அவர்களை அரைக்கூலிக்கு வேலை வாங்கும் முதலாளிகள் எம்மிடையே இல்லையென்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்ல முடியுமா? படகில் வருவோரைத் தடுத்து நிறுத்தவேண்டுமென எமது வீடுகளிலேயே பேசப்படுவதை நாம் கேட்டதில்லையா? 2022 யூனில், அகதிகளை றுவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தைப் பிரபுக்கள் சபையிலுள்ள இங்கிலாந்துத் திருச்சபை ஆயர்கள் அனைவரும் ஒருமித்துக் கண்டித்தனர். அகதியாக வராதவர்கள் அகதிக்காகப் பேசியபோது, அகதியாக வந்தவர்கள் வாளாவிருப்பது முறையாகுமா?

மறுப்பொன்று எழுமென்பதை நாம் அறிவோம். தொண்டு என்ற பெயரில் மதமாற்றம் நிகழுமோ என்ற ஐயம் எமது சைவ மக்களிடம் உண்டு. அந்த ஐயத்துக்கு யாழ்ப்பாணத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றில் காரணமும் உண்டு. ஆயினும் அதே வரலாற்றில், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தித் தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கிய அமெரிக்க மிசனறி வைத்தியர் சாமுவேல் கிறீனும் இருக்கின்றார். பஞ்ச காலத்தில் வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோரைக் காத்த ஆறுமுக நாவலரும் இருக்கின்றார். சமயத்தில் எதிரெதிராக நின்ற இரு மரபுகளும் பசியையும் நோயையும் கண்டபோது ஒரே பணியையே செய்தன. ஆகவே, வருபவரின் சமயத்தைக் கேளாதிருப்பதும், உதவிக்கு ஈடாக எதையும் எதிர்பாராதிருப்பதும் தொண்டின் முதல் நிபந்தனையாதல் வேண்டும்.

நாம் பெரியவற்றைக் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மாலையேனும் மண்டபத்தைத் திறந்துவைத்து, உள்நாட்டமைச்சின் கடிதங்களை வாசித்து விளக்கவும், சட்டத்தரணியிடமும் வைத்தியரிடமும் கூடச்செல்லவும் இளைஞர்களை அமர்த்தலாம். ஆங்கிலமும் தமிழும் அறிந்த இரண்டாந் தலைமுறை, தமக்கு வேலையில்லாத சபையிலிருந்து விலகிச்செல்கிறதென்று வருந்துவோர், அவர்களுக்கு இவ்வேலையைக் கொடுத்துப் பார்க்கட்டும். விருந்துகளின் பின்னர் மூட்டை மூட்டையாகக் குவியும் பிளாஸ்ரிக் தட்டுகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் கைவிடலாம். இடம் தந்த ஆங்கிலேயச் சபையுடன் சேர்ந்து அதன் வளவில் மரம் நடலாம். பள்ளிக்கூடத்தருகே புகை குறைய வேண்டுமென உள்ளூராட்சி மன்றத்துக்கு எழுதலாம். ஊரிலுள்ள கிணறுகளையும் குளங்களையும் காக்கும் நிதியமொன்றைத் தேவாலயங்களும் சைவ ஆலயங்களும் இணைந்தே தொடங்கலாம்.

எம்மை ஏற்றுக்கொண்ட கதவுகளுக்கு நாம் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கின்றோம். அந்நன்றி வெறும் வாய்ச்சொல்லாக முடியாதிருக்க வேண்டுமாயின், அடுத்து வருபவருக்காக எமது கதவும் திறக்கப்படவேண்டும். வழிப்போக்கன் காயமுற்றுக் கிடந்தபோது விலகிச்சென்றவர்களும் பக்திமான்களே என்ற நற்செய்திக் கதையை ஞாயிறுதோறும் கேட்கும் எமது சபைகள், இதை ஆழ்ந்து சிந்திக்குமென எதிர்பார்க்கின்றோம்.