நாட்டார் ஊடகமும் எங்க பெரியப்பாவும்

ஒரு பல்கலைக்கழகத்தின் தகவல் தொடர்பியல் துறை நடத்திய கருத்தரங்கில் கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வங்கியில் சி.எல். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். தலைப்பு பெரிசு: ஆசிய ஊடகமும் வெகுசனப் பண்பாடும். காலையில் தொடக்க விழாவுக்குப் பறை அடித்தார்கள். ஆறு பேர். மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், நாமும் தட்டினோம். குத்துவிளக்கு ஏற்றியதும் ஆறு பேரையும் பின்வாசல் வழியாக அனுப்பியாயிற்று. பதினோரு மணிக்கு அதே மேடையில் பறை ஒரு மரபுவழி ஊடகம் என்று ஒருவர் கட்டுரை வாசித்தார். அடித்தவர்கள் அப்போது வேப்பமரத்தடியில் சோத்துப் பொட்டலத்தைப் பிரித்துக் கொண்டிருந்தார்கள்.

கட்டுரையில் எல்லாம் இருந்தது. தோல், கட்டை, அடிகுச்சி, சுண்டுகுச்சி, தாளவகை. குடும்பநலம், எய்ட்ஸ் விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு என்று எதற்கெல்லாம் பறையைப் 'பயன்படுத்தலாம்' என்று ஒரு பட்டியல். இருபது நிமிஷத்தில் சாதி என்ற சொல் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. எழுந்து கேட்டேன்: "அய்யா, அடிக்க மாட்டேன்னு சொல்ல அவருக்கு உரிமை இருந்துச்சா?" கட்டுரையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது சமூகவியல் கேள்வி. நாம பேசுறது தகவல் தொடர்பு."

இந்தப் பதிலுக்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்க பெரியப்பா பறையடித்தவர். ஊரில் எழவு விழுந்தால் அடிப்பதும் அவர்தான், வெளியூர் உறவுமுறைக்கு எழவு சொல்லப் போவதும் அவர்தான். ராவோ பகலோ, நடை. செருப்பு இருந்தால் கையில் இருக்கணும். யாருக்குச் சேதியோ அவன் வீட்டு வாசலில் ஏறக்கூடாது. தெருவில் நின்று குரல் கொடுக்கணும். சொல்லி முடிச்சா முறத்தில் கொஞ்சம் நெல்லு வரும், துண்டை ஏந்தி வாங்கணும். எங்க தெருவில் ஒருத்தர் செத்தா அந்த வீட்டுக்கு யாரும் சேதி சொல்ல வேண்டியதில்லை.

இப்போ பாடப்புத்தகத்தைத் திறங்க. 1948இல் ஹெரால்டு லாஸ்வெல் என்ற அமெரிக்கர் தகவல் தொடர்பைச் சொல்பவர், செய்தி, வழி, கேட்பவர், விளைவு என்று அய்ந்தாகப் பிரித்தார். முதல் பாடமே அதுதான். இதில் எங்க பெரியப்பா யாரு? சொல்பவர் இல்லை, சொல்வது பண்ணை வீடு. கேட்பவரும் இல்லை; கேட்பது இன்னொரு பண்ணை வீடு. அவர் வெறும் வழி. தந்திக்கம்பி மாதிரி. கம்பியிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை, கால் வலிக்குதா என்றும் கேட்பதில்லை. ஒரு மனுசனைக் கம்பியாக்கி வைத்தது எது? இதைவிடத் தகவல் தொடர்பு பற்றிய கேள்வி வேறு என்ன இருக்கு? இதைச் சமூகவியல் துறைக்குத் தள்ளிவிட்டால் உங்க துறையில் மிச்சம் இருப்பது தோலும் கட்டையும்தான்.

இந்தக் கள்ள மவுனம் நேத்து வந்ததில்லை. டேனியல் லெர்னர் 1958இல் மரபுச் சமுதாயம் மறைவதைப் பற்றிப் புத்தகம் போட்டார். பத்திரிகை, ரேடியோ, சினிமா வந்தால் மரபு மனிதன் நவீன மனிதனாகிவிடுவான் என்றார். வில்பர் ஷ்ராம் 1964இல் வெகுசன ஊடகத்தைத் தேசிய வளர்ச்சிக்குக் கருவியாக்கினார். ஆசியாவுக்கென்று ஒரு தகவல் தொடர்பு ஆய்வு மய்யம் 1971இல் சிங்கப்பூரில் வந்தது. இந்தியா 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியது. பெட்டியைப் பொது இடத்தில் வைத்தார்கள். பொது! ஊர்ப்பொது வேறு, சேரி வேறு என்பது நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நடக்கப் பழகும்போதே தெரியும்.

வெகுசன ஊடகம் மட்டும் போதாது என்று தெரிந்ததும் பார்வை கூத்து, பாவை, பறை பக்கம் திரும்பியது. லெர்னருக்கு மரபு ஒழிய வேண்டியது. பின்னால் வந்தவர்களுக்கு மரபு பயன்பட வேண்டியது. மரபு என்ற போர்வைக்கு அடியில் யார் யாரை மிதிக்கிறான் என்று ரெண்டு பேருமே தூக்கிப் பார்க்கவில்லை.

நான் கணக்கு எழுதுகிறவன். இந்தப் பேரேட்டில் எங்கே கள்ளக்கணக்கு இருக்கு என்று சொல்றேன். 'நாட்டார் ஊடகம்' என்ற பக்கத்தில் தலித்தின் பறை இருக்கு, தலித் இல்லை. சரி, 'வெகுசன ஊடகம்' பக்கத்தைப் புரட்டுவோம். 1996 நவம்பரில் பி.என். உனியால் பயனியர் பத்திரிகையில் எழுதினார். வெளிநாட்டு நிருபர் ஒருவர் தலித் பத்திரிகையாளர் ஒருவரைக் காட்டச் சொன்னார், டெல்லி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. 2006இல் அனில் சமாரியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் மூவரும் டெல்லியில் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்திலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித் ஒருவர்கூட இல்லை, ஆதிவாசி ஒருவர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் மறுபடி எண்ணின. தலைமைப் பதவி 121. அதில் உயர்சாதி 106. தலித், ஆதிவாசி பூஜ்யம். முதல் பக்கத்தில் ஆளில்லாத பறை, அடுத்த பக்கத்தில் ஆளே இல்லை. இதற்குப் பேர் ஆய்வா?

நாம் அச்சுக்கு வராமலா இருந்தோம்? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரையே தலைப்பாக்கிப் பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' கொண்டுவந்தார். காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைக் 'கேசரி' போட மறுத்தது. செய்தி எப்படித் தடுக்கப்படுகிறது என்று பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் உண்டா? இந்தியப் பத்திரிகை வரலாற்றுத் தாளில் இதற்கு எத்தனை மதிப்பெண் ஒதுக்கியிருக்கீங்க?

இன்னொரு சேதி. ஒரு கட்டத்தில் நம்ம ஆட்கள் பல ஊர்களில் இனி எழவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்க மாட்டோம் என்றார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், கூலிவேலை மறுக்கப்பட்டார்கள். பறை அடித்தால் அது ஊடகம் என்கிறீர்களே, அடிக்காமல் விட்டபோது ஊரே கேட்டதே, அது எந்த அத்தியாயம்? பறையைத் தூக்கி எறி என்றவர்களும் நாம்தான். அதையே கலகத்துக்கு எடு என்று 90களில் தலித் கலைவிழா மேடைகளில் அடித்தவர்களும் நாம்தான். ஆம்பிளைக்கு மட்டுமே என்றிருந்ததைப் பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டார்கள். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. முடியாத சண்டையைப் 'பாரம்பரியம்' என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்காதே என்றுதான் சொல்றோம்.

தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில். அறிவியல் வளர்ந்துவிட்டது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்பது அதில் சொன்ன வழி. ஒலிபெருக்கி 2022இலா வந்தது? அதுவரை ஒரு கிழவனைத் தெருத்தெருவாக நடக்க வைத்தது தொழில்நுட்பப் பற்றாக்குறையா, சாதியா?

கருவி மாறினால் எல்லாம் மாறும் என்பவர்களுக்கு ஒன்று. 2015 மே மாதம் மகாராஷ்டிராவில் ஷிர்டியில் ஒரு தலித் இளைஞரின் அலைபேசியில் அம்பேத்கர் பாட்டு அழைப்பொலியாக ஒலித்தது. அதில் தொடங்கிய தகராறில் அவரைக் கொன்றார்கள். கிராமத்துக்கு அலைபேசி எவ்வளவு பரவியது என்று எண்ணுகிறவர்கள், அந்த அலைபேசியில் எந்தச் சத்தம் வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிப்பவன் யார் என்றும் எண்ணணும்.

இது இந்தியாவின் கதை மட்டுமில்லை. ஜப்பானில் தைக்கோ என்ற பெருமுரசு. மேடையில் அடித்தவர்களுக்கு உலகப் புகழ். தோலைப் பதனிட்டு அதைச் செய்த புராக்கு மக்களுக்குத் தீட்டு. ஒசாகாவின் நானிவா பகுதிப் புராக்கு இளைஞர்கள் 1987இல் தாங்களே குழு கட்டி அடிக்கத் தொடங்கினார்கள். குழுவின் பெயர் இகாரி. கோபம் என்று அர்த்தம். ஆசியப் பண்பாட்டை ஒப்பிட்டு ஆராய வேண்டுமென்றால் இதை ஒப்பிடுங்க. தோலும் தீட்டும் கோபமும் கடல் தாண்டியும் ஒண்ணா இருக்கு.

எல்லாரையும் ஒரே கம்பால் அடிக்கவில்லை. எம்.ஜி.ஆர் படங்களை ஏழைகள் ஏன் நம்பினார்கள் என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் கேட்டது அரசியல் கேள்வி. பறையடிப்பவர்களோடு உட்கார்ந்து, அவர்களையே பேசவிட்டு 2011இல் படம் எடுத்தார் ஜோ ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர். முடியும் என்பதற்குச் சொல்றேன். இசைத் துறைக்காரர் கேட்ட கேள்வி தகவல் தொடர்புத் துறைக்கு ஏன் தொண்டையில் சிக்குது?

நாம் கேட்பது மூணே மூணு. பறையைப் பாடமாக வைத்தால் அடிப்பவனின் கட்டாயத்தையும் மறுப்பையும் பாடமாக வை. பத்திரிகை வரலாறு நடத்தினால் 'பறைய'னையும் 'மூக்நாய'கையும் சேர்த்து நடத்து. ஆய்வுக்கு எங்க தெருவுக்கு வந்தால், தினம் எத்தனை மணி நேரம் டிவி பார்க்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால், நீ சொன்னதை யாராவது கேட்டார்களா என்று கேள்.

கருத்தரங்கு முடிந்து ஊருக்குப் போனபோது நடந்ததைப் பெரியப்பாவிடம் சொன்னேன். வெத்தலையை மென்றுகொண்டே கேட்டார்: "நான் கொண்டுபோன சேதியெல்லாம் அவங்க சேதிடா. என் சேதிய எவன்கிட்ட போய்ச் சொல்றது?"

அடுத்த கருத்தரங்குக்கு அழைப்பு அனுப்புங்க. நான் கவிதை வாசிக்க வரவில்லை. பெரியப்பா வர்றார். பறை கொண்டு வரமாட்டார். பேச வர்றார்.