ஏட்டுச் சுரைக்காயும் இணையவழிப் பயிற்சியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் பழமொழி. தச்சன் மகன் உளியைப் பிடித்தே தச்சுத் தொழில் கற்றான். வைத்தியன் மகன் மருந்தரைத்தே வைத்தியம் கற்றான். சட்டத் தொழிலும் இதற்கு விலக்கன்று. சட்டநூல்களை நெட்டுருப் பண்ணிய ஒருவன், கட்சிக்காரன் கண்ணீரோடு வந்து எதிரே உட்கார்ந்ததும் எங்கே தொடங்குவதென்று அறியாது திகைத்து நிற்பதுண்டு. எனவே, தொழிலைத் தொழில் நடக்கும் இடத்திற் கற்க வேண்டும் என்பது பெரியோர் துணிபு. ஆனால், தொழில் நடக்கும் இடத்துக்குப் போக வசதியற்ற மாணவன் யாது செய்வான்? இக்கேள்விக்கு நம் காலம் ஒரு புது விடை கூறுகின்றது. அவ்விடையின் நிறை குறைகளை இவ்வாரம் ஆராய்வோம்.

மண்கும்பானிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் நமக்கு எழுதியிருக்கின்றார். இலண்டனிலுள்ள பெரிய சட்ட நிறுவனமொன்று இணையவழியாகப் பணிப்பயிற்சி அளிக்கின்றதாம். வீட்டிலிருந்தபடியே அதிற் சேரலாமாம். "கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாற் சட்டம் வருமா?" என்கிறார் தகப்பனார். "இதிலே ஏதும் ஏமாற்று இருக்குமோ?" என்று அஞ்சுகிறார் தாயார். மாணவியோ, "இதிற் சேர்ந்தால் நாளை எனக்குப் பயன் உண்டா?" என்று வினவுகின்றார். மூவர் கேள்வியும் நியாயமானவையே. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில், இப்பயிற்சி யாது என அறிதல் வேண்டும். பெரிய சட்ட நிறுவனங்கள் விடுமுறைக் காலத்தில் மாணவர் சிலரைத் தெரிந்தெடுத்துத் தம் அலுவலகத்தில் இரண்டொரு வாரம் இருத்திப் பழக்குவது மேல்நாட்டில் நெடுங்கால வழக்கம். அவ்வாய்ப்புப் பெரும்பாலும் பெயர்பெற்ற பல்கலைக்கழக மாணவருக்கே கிட்டிற்று. 2017இல் அவுஸ்திரேலியாவிற் தொடங்கி, இப்போது ஃபோரேஜ் என்னும் பெயரால் வழங்கும் இணையத்தளம் இதற்கு ஒரு மாற்றுவழி கண்டது. நிறுவனத்தில் நடக்கும் வேலையின் மாதிரியைச் சிறு சிறு பணிகளாக அமைத்து, எந்நாட்டு மாணவரும் கட்டணமின்றிச் செய்துபார்க்க விட்டது. கிளிஃபர்ட் சான்ஸ், லிங்க்லேட்டர்ஸ் முதலிய இலண்டன் நிறுவனங்களும் தத்தம் பயிற்சிகளை அதில் அமைத்துள்ளன. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் அலுவலகக் கதவுகளை அடைத்தபோது, இவ்வழி மேலும் பரவிற்று.

பணி எவ்வாறிருக்கும்? ஒரு கம்பனி மற்றொரு கம்பனியை வாங்க எண்ணுகின்றது என வைத்துக்கொள்வோம். மூத்த சட்டத்தரணி ஒருவர் எழுதியது போன்ற மின்னஞ்சல் மாணவருக்கு வருகின்றது. "இவ்வொப்பந்தங்களைப் படித்து, கட்சிக்காரருக்கு ஆபத்து எங்குளது என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தருக" என்கிறது அது. ஒப்பந்தத்தின் இருபதாம் பக்கத்தில் ஒரு வாசகம் ஒளிந்திருக்கும்: கம்பனியின் உடைமை கைமாறினால் மறுதரப்பு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று. அதைக் கண்டுபிடித்து, அதனால் விளையும் தீங்கினைத் தெளிந்த நடையில் எழுத வேண்டும். எழுதி முடித்தபின் மாதிரி விடை திரையில் தோன்றும். மாணவர் தம் விடையோடு ஒப்பிட்டுத் தம் பிழையைத் தாமே திருத்திக்கொள்ளலாம். சில மணி நேரத்தில் முடியக்கூடிய பணி; இறுதியில் ஒரு சான்றிதழும் உண்டு. நேரடியாகக் காணொளியில் வழிகாட்டி ஒருவரோடு பேசிப் பழகும் பயிற்சிகளும் உள. அவற்றுக்கு விண்ணப்பித்துத் தெரிவாக வேண்டும்.

இனித் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். கணினியாற் சட்டம் வருமா? முழுதும் வாராது, ஆயின், ஒன்றும் வாராது என்பதும் பொருந்தாது.

காந்தியடிகளின் இளமை வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. இலண்டன் சென்று சட்டம் பயின்று, 1891இல் பாரிஸ்டராகி நாடு திரும்பினார். அக்காலத்தில் இலண்டன் சட்ட விடுதிகளிற் பரீட்சையோடு, குறித்த தொகை விருந்துகளில் அமர்ந்து உண்பதும் பட்டத்துக்கு வேண்டிய தகுதியாயிருந்தது. மூத்தோரோடு ஒரே மேசையில் இருந்து பழகினால் தொழிலின் பண்பு படியும் என்பது அவ்வழக்கத்தின் கருத்துப் போலும். அடிகளுக்கோ அது பயன்படவில்லை. பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முப்பது ரூபா ஊதியத்துக்கு ஏற்ற முதல் வழக்கிலே, சாட்சியை வினவ எழுந்தவர் நாவெழாது தவித்து அமர்ந்தார். வழக்கை வேறொருவரிடம் ஒப்புவிக்கும்படி நேர்ந்தது. இதனை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார். படிப்புக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள பள்ளம் அத்துணைப் பெரிது. நம் நாட்டிற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அப்பள்ளத்தை வேறுவழியாற் கடந்தார். சேர் றிச்சட் மோகன் என்னும் பெரும் சட்ட வல்லுநரிடம் இருந்து தொழில் பயின்றார். இன்றைக்கும், புதுக்கடையில் 1874ஆம் ஆண்டு முதல் விளங்கும் இலங்கைச் சட்டக் கல்லூரியிற் பரீட்சைகள் அனைத்திலும் சித்தியெய்திய ஒருவர், ஆறு மாத காலம் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுநராய் இருந்தே சத்தியப்பிரமாணம் செய்துகொள்ள முடியும். இணையவழிப் பயிற்சி அவ்வாறு மாதத்துக்கு ஈடாகாது. அதனைக் கொண்டு எவரும் சட்டத்தரணி ஆகார். இதை மாணவி முதலில் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

அப்படியாயின் பயன் யாது? மண்கும்பானிலிருந்து கொழும்பு ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். அங்கே பெரிய நிறுவனமொன்றில் இரண்டு வாரம் பழக வேண்டுமாயின், அறை வாடகை, உணவு, போக்குவரவு, துணைக்கொருவர் எனச் செலவு ஏறும். அறிமுகம் வேண்டும், அறிமுகமற்ற பிள்ளைக்குக் கதவு எளிதில் திறவாது. இணையவழிப் பயிற்சிக்கு அறிமுகம் வேண்டா. பஸ் செலவும் வேண்டா. பெரிய அலுவலகங்களில் வேலை எவ்வாறு பங்கிடப்படுகின்றது, நீண்ட பத்திரமொன்றை ஒரு கேள்வியை மனத்திற்கொண்டு எவ்வாறு படிப்பது, படித்ததை எவ்வாறு ஒரு பக்கத்திற் சுருக்குவது என்பனவற்றை அது கற்பிக்கும். "இத்தொழில் எனக்கு ஏற்றதுதானா?" என்று நான்கு ஆண்டுகள் செலவிட்டபின் அறிவதிலும், ஒரு விடுமுறையில் அறிந்துகொள்வது மேலன்றோ?

மற்றொரு செய்தியும் கூறுதல் வேண்டும். இப்பயிற்சிகள் ஆங்கிலத்தில் நடப்பவை. இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான விதிகள் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, 2023 மார்ச்சில் அவை நிராகரிக்கப்பட்டன. ஆகவே தமிழிற் சட்டம் பயிலும் வழி அடைபடவில்லை. எனினும், மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் வணிக ஒப்பந்தங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழிற் சிந்தித்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பிழையற எழுதப் பழகுதல், இப்பயிற்சியாற் கிடைக்கும் ஊதியங்களுள் ஒன்று.

தாயாரின் அச்சத்துக்கு விடை சுருக்கமானது. பயிற்சியின் பெயரால் முற்பணம் கேட்பவரை நம்பற்க. அடையாள அட்டையின் படமும் வங்கிக் கணக்கின் இலக்கமும் கேட்பவரிடமிருந்து விலகி நிற்க. நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திற் சென்று, அப்பயிற்சி அங்கே அறிவிக்கப்பட்டிருக்கின்றதா என்று பார்க்க. சான்றிதழ் வேலைக்கு உறுதிச் சீட்டு அன்று என்பதையும் அறிக.

மாணவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மாதிரி விடையை முன்னதாகவே பார்த்து எழுதுதலும், செயற்கை அறிவுப் பொறியைக் கொண்டு எழுதுவித்தலும் தம்மைத் தாமே ஏமாற்றுதலாகும். 2023இல் நியூயோர்க்கில் இரு சட்டத்தரணிகள், அத்தகைய பொறி கற்பித்துக்கூறிய, என்றுமே நடவாத வழக்குகளை மேற்கோளாக நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தனர். நீதிபதி ஐயாயிரம் டொலர் தண்டம் விதித்தார். பயிலுங் காலத்துச் சோம்பல் தொழில் செய்யுங் காலத்தில் தலைகுனிவாய் முடியும்.

இனி, மண்கும்பான் மாணவிக்கு நாம் சிறப்பாகக் கூற விரும்புவது ஒன்றுண்டு. இலண்டன் நிறுவனத்தின் மாதிரிப் பத்திரத்திற் கற்ற வித்தையை, தம் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கும் காணி உறுதியிற் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். நமது பகுதியின் சட்டச் செல்வம் அப்பெட்டியிலே உறங்குகின்றது.

அம்மம்மாவின் சீதன உறுதியை எடுத்துப் படிக்கட்டும். எல்லைகள் நான்கும் சொல்லப்பட்டிருக்கின்றனவா? பரப்பு எவ்வளவு? பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகும் என்ற கணக்கோடு அளவு பொருந்துகின்றதா? நொத்தாரிசின் கையொப்பமும் சாட்சிகள் இருவரின் கையொப்பமும் உள்ளனவா? காணி கைமாற இவை வேண்டும் என்று விதித்தது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கணினியுகத்துக்கென 2006இல் இயற்றப்பட்ட இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் காணி விற்பனையையும் மரணசாசனத்தையும் அற்றோணித் தத்துவத்தையும் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. பயிற்சி இணையவழி வரலாம்; காணி உறுதி இன்றும் தாளிலே மையினால் எழுதப்பட்டே வருகின்றது.

அடுத்து, தேசவழமையை அறியட்டும். ஒல்லாந்தர் காலத்தில், 1706–07இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி நம் முன்னோரின் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பாகுபாடு அதிலிருந்து வந்தது. கூட்டுரிமைக் காணியில் ஒருவர் தம் பங்கை அந்நியருக்கு விற்குமுன் ஏனைய பங்காளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற முன்னுரிமையும் அதன் வழியது. 1947இல் அதற்குத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் சொந்தக் காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க இயலாது என்ற விதியும் தேசவழமை சார்ந்த சட்டத்தில் இடம்பெற்றது. சட்டம் பயில விரும்பும் ஒரு பெண்பிள்ளை சிந்திக்க வேண்டிய விதியன்றோ இது?

இவ்வறிவு வெறும் பழங்கதையன்று. 1990களின் தொடக்கத்திலே தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். பலர் கனடாவிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் குடியேறினர். மண்கும்பானின் வெண்மணலிலும் பனங்கூடலிலும் ஆளற்ற வளவுகள் எத்தனை! வேலி சரிந்த காணியிற் பிறர் புகுந்து பத்தாண்டு தடையின்றி ஆண்டால், 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி உரிமை கோர இடமுண்டு. போரினால் தம் உரிமையை நிலைநாட்ட முடியாது போனோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்க 2016இல் சிறப்புச் சட்டம் ஒன்று வந்தது; அதற்கும் நிபந்தனைகளும் காலவரையறையும் இருந்தன. இச்செய்தி உரிய காலத்தில் எத்தனை வீடுகளுக்கு எட்டிற்று? உறுதியைப் படித்து, பதிவேட்டைத் தேடி, கடல்கடந்த உறவினருக்கு நிலைமையைத் தெளிவாக ஒரு பக்கத்தில் எழுதக்கூடிய பிள்ளை ஊருக்கொருவர் இருந்திருந்தால், பல குடும்பங்கள் தம் முதுசத்தை இழந்திரா. மாணவி தம் குறிப்பை எழுதியபின், அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் நினைவிற் கொள்க: குடும்ப உறுதியின் படத்தை இணையத்தில் எங்கும் ஏற்றற்க. கட்சிக்காரரின் இரகசியத்தைக் காப்பது சட்டத்தரணியின் கடமை என்று 1895ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே கூறுகின்றது. அப்பழக்கம் வீட்டிலேயே தொடங்கட்டும்.

இறுதியாக, திரையிற் காண முடியாததைக் காண ஓர் இடம் அருகிலேயே உண்டு. நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெறல் வேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை. ஊர்காவற்றுறை நீதிமன்றத்திற் பெரியவர் ஒருவர் துணையோடு ஒரு நாள் பின்வாங்கிலில் அமர்ந்து பார்க்கலாம். கட்டணம் இல்லை, சிபாரிசும் வேண்டா. சாட்சி தயங்குமிடத்தில் சட்டத்தரணி எவ்வாறு காத்திருக்கின்றார், நீதிபதியின் ஒரு கேள்விக்கு வழக்கு எவ்வாறு திசைமாறுகின்றது என்பவை எந்தக் கணினியிலும் வாரா.

ஆகவே, பெற்றோர் பிள்ளையைத் தடுக்க வேண்டா. விடுமுறையில் அவர் இலண்டன் பணியைச் செய்யட்டும். மாலையில் அம்மம்மாவின் உறுதியைப் படிக்கட்டும். ஒரு நாள் நீதிமன்றம் சென்று வரட்டும். முன்னது முறையைத் தரும். நடுவது பொருளைத் தரும். பின்னது மனிதரைக் காட்டும். இம்மூன்றும் கூடினால், ஏட்டுச் சுரைக்காயும் ஒரு நாள் கறிக்கு உதவும்.